கடைசி அத்தியாயத்தில் பெட்டியண்ணன்

ஜூன் 9

தம்பிக்கு,

இது நலம் விசாரிக்கிற கடிதம் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய். அடுத்தவர் வீட்டில் கொள்ளி வைத்தவனுக்கு ஒரு தலைவலிகூட வராது, நான் பார்த்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் செத்தபோது வந்தாய். உடலை எடுப்பதற்குள் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, புத்தகக் கண்காட்சிக்கு நேரமாகிறது என்று ரயிலுக்கு ஓடினாய். இவனுக்கு இனி ஒரு வரி எழுதுவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருந்தேன். நீதான் உடைக்க வைத்தாய்.

உன் புதுப் புத்தகம் நம் தெருக்கோடிப் பள்ளிக்கூடத்து நூலகத்துக்கு வந்தது. "சலவைக்கடை மர்மம்." எழுதியவர் இந்த ஊரில் பிறந்தவர் என்று தலைமையாசிரியை ஒரு கட்டே வாங்கிப் போட்டிருக்கிறார். என் பேத்தி வாலு இருக்கிறாளே, எட்டாம் வகுப்பு, அவள் அதைச் சாப்பிடும்போது படித்தாள், பல் தேய்க்கும்போது படித்தாள், குளியலறைக்குள் கொண்டுபோய்த் தொட்டித் தண்ணீரில் போட்டாள். சொட்டச் சொட்ட அதைத் தூக்கிக்கொண்டு நேரே நம் சலவைக்கடைக்கு வந்து, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெட்டியண்ணனிடம் நீட்டினாள்.

"தாத்தா, இதைக் காயவச்சுக் குடுங்க. இன்னும் ரெண்டே அத்தியாயம் பாக்கி. யாருன்னு தெரியலைன்னா செத்துருவேன்."

அவர் சிரித்துக்கொண்டே இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் குறைத்து, மேலே மெல்லிய துணி போட்டு, பக்கம் பக்கமாகத் தேய்த்துக் கொடுத்தார். தன் கழுத்தை அறுக்கப்போகிற கத்தியைத் தானே தீட்டிக் கொடுத்தார். அந்த ரெண்டு அத்தியாயத்தில்தானே அவரை நீ திருடனாக்கி வைத்திருக்கிறாய்?

ஆள் வேறு கதை வேறு என்று என்னிடம் ஆரம்பிக்காதே. உனக்குப் பதினாலு வயசில் நம் கடையிலிருந்து ஒரு கல்யாண உடுப்பு காணாமல் போனது. நாளைக்குக் கல்யாணம், இன்றைக்கு உடுப்பு இல்லை. பெண்ணின் தகப்பன் நடுத்தெருவில் நின்று நம் அப்பாவைப் பேசின பேச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. போலீஸ் வந்து பெட்டியண்ணனைக் கூட்டிக்கொண்டு போனது. அப்பா பின்னாலேயே ஓடி, "என் பிள்ளையைச் சொன்னாலும் நம்புவேன், அவனைச் சொன்னா நம்ப மாட்டேன்" என்று ஸ்டேஷனிலேயே உட்கார்ந்து, அவரை மீட்டுக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். உடுப்பு இன்று வரை கிடைக்கவில்லை. எடுத்தது யார் என்று யாருக்கும் தெரியாது. ஊர் மறந்துபோனதை நீ தோண்டி எடுத்து, துப்பறிகிற பையன் ஒருவனை விட்டு, உடுப்பை இஸ்திரி மேசையின் விரிப்புக்குள் வைத்துத் தைத்தவர் இஸ்திரி போடுகிறவர்தான் என்று முடித்திருக்கிறாய். அந்த ஆள் சீட்டியடித்துக்கொண்டே வேலை செய்கிறார். சட்டைப்பையில் பிள்ளைகளுக்கு மிட்டாய் வைத்திருக்கிறார். இடது கால் நொண்டி. அந்தக் கால் தடத்தை வைத்துத்தான் உன் பையன் கண்டுபிடிக்கிறான்.

அந்தக் கால் யாரால் நொண்டியது? உன்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோனபோது லாரி உரசியதே, உன்னைத் தூக்கிப் புல்லில் வீசிவிட்டுத் தான் அடியில் போனாரே, அந்தக் கால். நீ சின்னப் பையன், மறந்திருப்பாய். ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு சுமந்தவள் நான்.

போன வாரம் அவர் மத்தியானம் சாப்பிடப் போயிருந்தார். நாலு பிள்ளைகள் கடைக்குள் புகுந்து, துணிச்சீட்டு வெட்டுகிற கத்தரிக்கோலால் மேசை விரிப்பை நெடுகக் கிழித்துப் பார்த்திருக்கிறார்கள். கத்தரிக்கோல் என் பேத்தி கையில். அவர் திரும்பி வந்து வாசலில் நின்றார். கிழிந்த விரிப்பை மடித்து வைத்தார், இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார், போனார். அதற்கப்புறம் கடைக்கு வரவில்லை. கூப்பிடப் போனால் கதவுக்குப் பின்னாலிருந்தே "உடம்பு சரியில்லை" என்கிறார்.

நீ வர வேண்டும். அவர் வாசலிலும் அந்தப் பிள்ளைகள் முன்னாலும் நின்று, நான் எழுதியது பொய் என்று சொல்ல வேண்டும். நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவள். கடிதத்தில் எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள். ஆளை அழிக்கிற பிழை இருக்காது.

அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்கா,

இத்தனை வருஷம் கழித்து உன் கையெழுத்தைப் பார்த்ததும் உறையைப் பிரிக்கவே பயமாக இருந்தது. பயந்தது சரிதான் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது.

பிள்ளைகள் செய்ததற்கு மனம் வருந்துகிறேன். ஆனால் நீ ஒரு கதையை வழக்குப் போலப் படித்திருக்கிறாய். கதையில் வருகிற ஆளுக்கு மனைவி இல்லை, பெட்டியண்ணனுக்கு மனைவி இருந்தார். கதையில் ஊர் கடற்கரையில் இருக்கிறது. எழுதுகிறவன் பத்து இடத்தில் எடுத்துப் பதினோராவதாக ஒன்றைச் செய்கிறான். அவ்வளவுதான்.

நான் எழுதுவது ஏதோ விளையாட்டு என்று நீ நினைப்பது எனக்குத் தெரியும். இந்த வயசுப் பிள்ளைகளை யோசித்துப் பார், அக்கா. சின்னக் குழந்தையும் இல்லை, பெரியவர்களும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இவர்கள் அறைக்குள் வந்தால் பேச்சு நின்றுவிடும். எனக்கு ஒரு பெண் எழுதியிருந்தாள்: "எங்க வீட்டுல நான் உள்ள வந்ததும் பேச்சை மாத்துவாங்க. உங்க கதையில பேச்சை மாத்தறவங்க மாட்டிக்குவாங்க. அதான் சார் எனக்குப் பிடிக்குது." இதைவிட நன்றாக எந்த விமர்சகரும் என்னைப் பற்றிச் சொன்னதில்லை. அவர்கள் கவனிக்கிறார்கள், சேர்த்துப் பார்க்கிறார்கள், கடைசியில் பெரியவர்கள் வாயடைத்து நிற்கிறார்கள். அந்தச் சந்தோஷத்தை எப்படித் தப்பு என்பது?

பெட்டியண்ணனுக்கும் வயசாகிவிட்டது. நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. அவர் ஓய்வெடுக்க இது ஒரு சந்தர்ப்பமாகவும் இருக்கலாமே. புது ஆள் ஒருவரைப் பார்த்துக்கொள்.

கோபம் ஆறியதும் எழுது.

உன் தம்பி


ஜூன் 21

தம்பி,

ஆறவில்லை. எழுதுகிறேன்.

ஓய்வா? ஒருத்தரைத் தெருவில் தலை காட்ட முடியாமல் செய்துவிட்டு அதற்கு ஓய்வு என்று பேர் வைக்கிற சாமர்த்தியம் உன்னைத் தவிர யாருக்கும் வராது. சின்ன வயசிலும் நீ இப்படித்தான். அம்மாவின் கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டு, "அது பழசுதானேம்மா" என்றாய்.

நீ சொன்னபடி புது ஆள் பார்த்தேன். கழுத்துப்பட்டையில் பெட்டியை வைத்துவிட்டுப் போனில் பேசுகிறான். டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டில் முக்கோணமாகக் கரி. அவர் கேட்கிறார், "பெரியவர் எங்கே?" நான் என்ன சொல்ல? என் தம்பி அவரை அச்சடித்துவிட்டான் என்றா?

அவர் வீடு நம் கடைக்குப் பின்தெருவில், பள்ளிக்கூடம் போகிற வழி. பிள்ளைகள் அவர் ஜன்னலுக்குக் கீழே போகும்போது சீட்டியடிக்கிறார்கள். கதையில் அந்தத் துப்பறிகிற பையன் கடைசியில் செய்கிறானே, திருடனுடைய சீட்டியைத் திருடனுக்கே அடித்துக் காட்டுவது. அதை. அவர் வாழ்நாள் முழுக்க அடித்த சீட்டி, தம்பி. இப்போது அந்த வீட்டில் ஜன்னல் திறப்பதில்லை.

வாலுவைப் பிடித்து உலுக்கினேன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை, என் ரத்தம்.

"எதுக்குடி கிழிச்சே?"

"உண்மை தெரியணும் பாட்டி."

"அவரு உனக்கு நடை பழக்கினவருடி!"

"அதனாலதான் பாட்டி. புத்தகத்துல எப்பவும் அந்த மாதிரி ஆளுதான் செஞ்சிருப்பாங்க. எல்லாருக்கும் பிடிச்ச ஆளு."

அறையலாம் என்று கை எழும்பியது. அறையவில்லை. அப்புறம் கேட்டாள், "சரி, அவரு எடுக்கலைன்னா யாரு எடுத்தது?"

தெரியாது என்றேன்.

"தெரியாதுன்னா?"

"தெரியாதுன்னா தெரியாதுதான்."

அவளுக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "தெரியாமயே எப்படிப் பாட்டி இவ்வளவு நாள் சோறு தின்னீங்க? எதைக் கேட்டாலும் உனக்கெதுக்கு, போய்ப் படி. இல்லைன்னா தெரியாது. அந்தப் புத்தகத்துல மட்டும்தான் எங்க வயசுக்காரங்க கேட்டா பதில் வருது" என்று கதவை அடித்துச் சாத்தினாள். உனக்கு எழுதின அந்தப் பெண் சொன்னதும் இதுதானே. அதில் உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. பிள்ளைகளுக்குப் பதில் சொல்லாத குற்றம் எங்களோடது, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் பசியோடு வந்த பிள்ளைக்கு ஒரு மனுஷனை வெட்டி வைத்தாயே, அதைக் கேட்கிறேன்.

ஏன் அவரை? தெருவில் வேறு ஆளே இல்லையா? எண்ணெய்க் கடைக்காரன் இருந்தான், நம் சித்தப்பா இருந்தார், உன் சாக்கடை வாய்க் கணக்கு வாத்தியார் இருந்தான். பதில் சொல். பேச்சை மாற்றாதே.

அக்கா


ஜூன் 28

அக்கா,

பேச்சை மாற்றவில்லை. இந்தத் தடவை மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

இந்த மாதிரிக் கதைக்கு ஒரு விதி உண்டு. கெட்டவனாகத் தெரிகிறவன் குற்றவாளியாக இருந்தால் பன்னிரண்டு வயசுப் பிள்ளைகூடக் கொட்டாவி விடும். குற்றவாளி, படிக்கிற பிள்ளை நேசிக்கிற ஆளாக இருக்க வேண்டும். கடைசி அத்தியாயத்தில் நெஞ்சு ஒரு தடவை நின்று ஓட வேண்டும். அதற்கு அந்த ஆளை நான் முதலில் நேசிக்கும்படி எழுத வேண்டும். எழுத உட்கார்ந்தேன். எண்ணெய்க் கடைக்காரனை வைத்துப் பார்த்தேன், அவனை நேசிக்க வைக்க என்னால் முடியவில்லை. சித்தப்பாவை வைத்துப் பார்த்தேன். யாரை வைத்தாலும் பக்கம் செத்துக் கிடந்தது. பெட்டியண்ணனை உள்ளே விட்டதும் கதை எழுந்து நடந்தது. சீட்டி, மிட்டாய், கால் எல்லாம் தானாக வந்து உட்கார்ந்தன. எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அக்கா. அவரோடு மறுபடியும் கடையில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. கடைசி அத்தியாயம் வந்தபோது, விதிப்படி யாரைப் பிடிக்க வேண்டுமோ அவரைப் பிடித்தேன். நேசிக்கும்படியாக அந்தப் புத்தகத்தில் இருந்தது அவர் ஒருவர்தான்.

இது உனக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படும். எனக்கு அப்போது படவில்லை.

பதிப்பாளரிடம் பேசிவிட்டேன். அடுத்த பதிப்பில் காலை எடுத்துவிடலாம் என்கிறார். சீட்டியையும் மாற்றலாம். முன்னால் ஒரு பக்கம் சேர்த்து, இதில் வருகிறவர்கள் யாவரும் கற்பனை என்று நானே கையெழுத்துப் போட்டு எழுதுகிறேன். நேரில் வருவதற்கு மட்டும் என்னைக் கட்டாயப்படுத்தாதே. அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

தம்பி


ஜூலை 3

தம்பி,

முன்னால் சேர்க்கிற பக்கத்தை எந்தப் பிள்ளை படிக்கும்? வாலுவிடம் கேட்டேன். "முன்னுரையா? அதை டீச்சர்தான் பாட்டி படிப்பாங்க" என்கிறாள்.

அடுத்த பதிப்பில் காலை எடுத்துவிடுவாயாம். இந்தப் பதிப்பு ஒவ்வொரு பிள்ளையின் புத்தகப் பையிலும் கிடக்கிறது. அவர் காலையும் போய் எடுத்துவிட்டு வருவாயா?

நேசித்தாயாம். உன் நேசத்தில் இடி விழ. நீ வெறுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார்.

முகத்தைப் பார்க்க முடியாது என்று எழுதியிருக்கிறாயே, அது ஒன்றுதான் உன் ரெண்டு கடிதத்திலும் நான் நம்பின வரி. அதனால்தான் சொல்கிறேன், வா. என் வீட்டுக்கு வர வேண்டாம். நான் உனக்குத் தண்ணீர்கூடத் தர மாட்டேன். நேரே பள்ளிக்கூடத்துக்குப் போ, அப்புறம் அவர் வீட்டுக்குப் போ. தலைமையாசிரியையிடம் சொல்லிவைத்துவிட்டேன். வராவிட்டால் நானே வகுப்பு வகுப்பாகப் போய், புனைபெயருக்குப் பின்னால் நீ ஒளித்து வைத்திருக்கிற சொந்தப் பேரையும் நீ பதினைந்து வயசு வரைக்கும் பாயை நனைத்த கதையையும் சொல்வேன். நான் சொல்வேன் என்று உனக்குத் தெரியும்.

அக்கா


ஜூலை 20

அக்கா,

வந்தேன். கடை வழியாகத்தான் நடந்து போனேன். நீ கல்லாவில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாய், கூப்பிடவில்லை. சொன்ன சொல் மாறாதவள்.

உனக்குத் தெரிந்திருக்கலாம். இருந்தாலும் என் வாயால் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் மூன்று வகுப்பைச் சேர்த்து ஒரே அறையில் உட்கார வைத்திருந்தார்கள். கைதட்டினார்கள். ஒவ்வொரு மேசையிலும் என் புத்தகம். நான் எழுந்து, இந்த ஊர்ச் சலவைக்கடையில் வேலை செய்கிற பெரியவர் எதையும் திருடவில்லை, நான் கற்பனையாக எழுதினேன், அவர் நல்லவர் என்று சொன்னேன். முதல் வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"சார், ஆதாரம்?"

"நான் சொல்றேனேம்மா."

"பெரியவங்க சொல்றாங்கன்னு எதையும் நம்பக் கூடாதுன்னு நீங்கதானே சார் எழுதியிருக்கீங்க?"

பின்னாலிருந்து ஒரு பையன், "உடுப்பு நிஜமாவே காணாமப் போச்சு சார், எங்க தாத்தா சொன்னாரு" என்றான். இன்னொருவன், "போலீஸ் கூட்டிட்டுப் போனது நிஜமா இல்லையா சார்?" என்றான். "அவரு உங்க வீட்டு ஆளு, அதான் காப்பாத்தறீங்க" என்று ஒரு குரல். எல்லாம் என் மாணவர்கள், அக்கா. நான் சொல்லிக்கொடுத்த கேள்வி ஒவ்வொன்றும். நான் எதைச் சொன்னாலும் அதை எப்படி உடைப்பது என்று நானே அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். தலைமையாசிரியை, "கேள்வி போதும்" என்றார். அது இன்னும் மோசம். அவர்களைப் பொறுத்தவரை உண்மையை மறைக்கிற இடத்தில்தான் பெரியவர்கள் போதும் என்பார்கள்.

அப்போது உன் பேத்தி எழுந்தாள். அவளை நான் அதுவரை பார்த்ததில்லை. அம்மாவின் நெற்றி.

"ஆதாரம் நான் சொல்றேன்" என்றாள். "மேசை விரிப்பைக் கிழிச்சது நான். எல்லாப் பக்கமும் கிழிச்சேன். உள்ள பழைய போர்வை, அதுக்குக் கீழ சாக்கு, அதுக்குக் கீழ பலகை. வேற ஒண்ணுமில்லை. நீங்க யாரும் பார்க்கலை, நான் பார்த்தேன். பார்த்த பிறகும் நான் யார்கிட்டயும் சொல்லலை. ஏன்னா கதை தப்பாயிரும்னு இருந்துச்சு. அவரு வாசல்ல நின்னப்போ கத்தரிக்கோலை முதுகுக்குப் பின்னால மறைச்சேன். அந்தக் கடையில அன்னிக்குத் திருட்டு முழி முழிச்சது நான் ஒருத்திதான்."

யாரும் சிரிக்கவில்லை. கண்ணாடி போட்ட பெண், "அப்ப எடுத்தது யாரு?" என்றாள். வாலு, "தெரியாது" என்றாள். சொல்லும்போது அவளுக்கே அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. இருந்தாலும் சொன்னாள்.

பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். என் புத்தகம் அவர் கட்டில்மேல் இருந்தது. தண்ணீரில் விழுந்து உப்பின பிரதி, வாலுவிடம் கேட்டு வாங்கியிருக்கிறார். நான் அழ ஆரம்பித்தேன். "அழாதே" என்றார். "நல்லாத்தான் எழுதியிருக்கே" என்றார். எழுத்துக்கூட்டிப் படித்தாராம், முழுசாக.

பிறகு சொன்னார்: "நானும் ஒவ்வொருத்தரா சந்தேகப்பட்டுக்கிட்டே வந்தேன். எண்ணெய்க் கடைக்காரன்னு நினைச்சேன். கடைசிப் பக்கம் வர்ற வரைக்கும் அந்த நொண்டி ஆளு மேல எனக்குச் சந்தேகமே வரலைடா தம்பி."

கடைக்குத் திரும்பி வாருங்கள் என்றேன். தலையை ஆட்டினார். அது ஆம் என்றா இல்லை என்றா, எனக்குத் தெரியவில்லை.

தம்பி


ஜூலை 27

தம்பி,

இல்லை என்றுதான்.

கடைக்கு வரவில்லை. தன் வீட்டு வாசலில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டார். ஜன்னலைத் திறந்து அது வழியாக ஒயரை வெளியே இழுத்திருக்கிறார். நான் போய், "அண்ணே, இது நியாயமா? கடை உங்களோடது இல்லையா?" என்று கேட்டேன். "உன் மேல ஒண்ணுமில்லம்மா. அந்த மேசைக்கு முன்னால நின்னா இனிமே யாராவது விரிப்பைப் பார்க்கறாங்களான்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். துணி கருகிரும்" என்றார். அப்பா இருந்திருந்தால் கையைப் பிடித்து அழைத்து வந்திருப்பார். நான் பிடித்தேன், விடுவித்துக்கொண்டார்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் சீருடையை எல்லாம் அவரிடம் கொண்டுபோகிறார்கள். என் கடையைத் தாண்டித்தான் போகிறார்கள். முதல் ஆள் வாலு, எங்கள் வீட்டுத் துணியையே மூட்டை கட்டிக்கொண்டு. "சொந்தக் கடையை விட்டுட்டு அங்க போறியேடி" என்றால், "நான் கிழிச்சேன், நான் போறேன்" என்கிறாள். சில பிள்ளைகள் வருத்தத்தில் போகிறார்கள். சில பிள்ளைகள் இன்னும் வேடிக்கை பார்க்கப் போகிறார்கள், எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கேட்கிற கேள்விக்கெல்லாம் பதில் சொல்கிறாராம். போலீஸ் உட்கார வைத்ததைச் சொல்கிறாராம், கால் போனதைச் சொல்கிறாராம். உன் பேரைச் சொன்னாரா என்று வாலுவிடம் கேட்டேன். "ஒரு சின்னப் பையன்னு சொன்னாரு" என்றாள். உனக்கு அதுவே தண்டனை. சீட்டி மட்டும் அவர் இன்னும் அடிக்கவில்லை.

அழுதேன் என்று எழுதியிருக்கிறாய். அழு. பள்ளிக்கூடத்துக்கு வந்தாய், அதைக் கணக்கில் வைத்துக்கொள்கிறேன். என் வீட்டுக்காரர் சாவையும் அதே கணக்கில்தான் வைத்திருக்கிறேன். ஒன்று இன்னொன்றைக் கழிக்காது.

உன் அடுத்த புத்தகம் எப்போது வரும் என்று வாலு கேட்கச் சொன்னாள். இவ்வளவுக்கும் பிறகு! வெட்கமில்லையா என்றேன். "கோபம் வேற பாட்டி, கதை வேற" என்கிறாள். அனுப்பு. ஆனால் என் பேருக்கு அனுப்பு. நான் முதலில் கடைசிப் பக்கத்தைத் திறந்து, எழுத்துக்கூட்டி, யார் என்று பார்ப்பேன். எனக்குத் தெரிந்த ஒரு ஆள் அங்கே நின்றால், புத்தகம் அவளிடம் போகாது. யார் செய்தது என்று தெருவுக்கே உரக்கச் சொல்லிவிட்டு, அடுத்த ரயிலில் நான் வருவேன்.

அக்கா